பழைய சரக்குந்தும் புதிய குளிர்காற்றும்

குளிரூட்டி இல்லாத காரை நம் நாட்டில் காண்பது இன்று அரிது. பொத்தானை அழுத்தியதும் குளிர்காற்று வீசுகிறது. ஆனால், வாகனங்களில் இவ்வசதி தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு வகைக் கார்களில்தான் முதன்முதலாகக் குளிரூட்டியைத் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தித் தந்தது. அதன் குளிர்ச்சுருள் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்தது. குளிர் போதும் என்று தோன்றினால், ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது!

கார்களின் நிலையே இதுவென்றால், உழைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட சரக்குந்துகளின் நிலையை எளிதில் ஊகிக்கலாம். எடுத்துக்காட்டாக, 1947 முதல் 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செவ்ரோலெட் நிறுவனம் தயாரித்த ‘3100’ எனும் சிறிய ரகச் சரக்குந்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் பண்ணைகளிலும் கடைகளிலும் ஓடியாடி உழைத்த வண்டி இது. ஓட்டுநருக்குக் காற்று வர, கதவுச் சன்னல்களும் முகப்பில் உள்ள காற்றுவாயும்தான் துணை. 1951ஆம் ஆண்டு முதல் சன்னலின் முன்மூலையில் திருப்பக்கூடிய சிறிய கண்ணாடியும் சேர்ந்தது. அவ்வளவுதான்.

இத்தகைய வண்டிகளை இன்று ஆர்வலர்கள் பேணிக் காக்கின்றனர். ஆனால், அரிசோனா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கோடைக்காலத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. உலோகக் கூரை வெயிலில் காய்கிறது. முன்புறத்திலிருந்து இயந்திரத்தின் அனல் வீசுகிறது. அதனால், வண்டி கோடை முழுவதும் கொட்டகையிலேயே கிடக்கிறது. ஓடாத வண்டியோ மெல்லக் கெடுகிறது. எரிபொருள் பழுதாகிப் பிசுபிசுக்கிறது. இரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கின்றன. இந்நிலையில், உரிமையாளர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: “இதற்கு ஒரு குளிரூட்டியைப் பொருத்தினால் என்ன?”

குளிர் எப்படி வருகிறது?

குளிரூட்டி குளிரை உருவாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. ஈரக் கையில் காற்று பட்டால் சில்லென்று இருக்கும் அல்லவா? நீர் ஆவியாகும்போது கையிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். குளிரூட்டியும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

இதில் குளிர்பதனி எனப்படும் பொருள் மூடிய குழாய்களில் சுற்றி வருகிறது. இயந்திரத்தின் பட்டையால் சுழலும் கம்ப்ரசர், குளிர்பதனி வாயுவை அழுத்துகிறது, வாயு சூடாகிறது. அது வண்டியின் முன்புறத்தில் உள்ள கண்டென்சருக்குச் சென்று, வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர், ஒரு குறுகிய வால்வின் வழியே பாய்ந்து, அழுத்தம் குறைந்து, குளிர்ச்சுருளில் ஆவியாகிறது. அப்போது, அறையின் காற்றிலுள்ள வெப்பத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. விசிறி அந்தக் குளிர்ந்த காற்றை ஓட்டுநர் பக்கம் தள்ளுகிறது.

ஒன்றைத் தொட்டால் நான்கு அசையும்

புதிய காரில் இப்பாகங்கள் யாவும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு திட்டமிடப்பட்டவை. பழைய வண்டியில் அப்படியில்லை. புதிதாக வரும் குளிரூட்டி, வண்டியின் மற்ற உறுப்புகளிடம் புதிய வேலையைக் கேட்கிறது.

முதலாவது, மின்சாரம். அந்தக் காலச் செவ்ரோலெட் சரக்குந்துகளில் இருந்தது 6 வோல்ட் மின்னமைப்பு. 180 வாட் விசிறி ஒன்றை அதில் ஓட்ட 30 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அதே விசிறிக்கு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் போதும். மேலும், பழைய ஜெனரேட்டர், இயந்திரம் மெதுவாக ஓடும்போது மிகக் குறைந்த மின்சாரத்தையே தரும். ஆகவே, பலர் 12 வோல்ட் மின்கலத்தையும் ஆல்டர்னேட்டரையும் பொருத்துகின்றனர். அப்படிச் செய்தால் விளக்குகளை மாற்ற வேண்டும். 6 வோல்ட்டில் இயங்கும் அளவுமானிகளுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவியும் வேண்டும்.

இரண்டாவது, இயந்திரத்தின் திறன். 1947ஆம் ஆண்டு வண்டியின் ஆறு சிலிண்டர் இயந்திரம் 90 குதிரைத்திறன் கொண்டது. கம்ப்ரசர் அதில் சிலவற்றை எடுத்துக்கொள்ளும். சாலை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் தடுமாறாமலிருக்க, அதன் ஓய்வு வேகத்தைச் சற்றே கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இயந்திரத்தின் வெப்பம். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அமர்கிறது. அதனால், ரேடியேட்டருக்குப் போகும் காற்று முன்னரே சூடாகிவிடுகிறது. ரேடியேட்டரில் பல ஆண்டுகளாகப் படிந்த துருவையும் அழுக்கையும் நீக்காமல் குளிரூட்டியைப் பொருத்தினால், ஓட்டுநர் குளிர்ந்திருப்பார், இயந்திரம் கொதித்துவிடும்!

நான்காவது, ஓட்டுநர் அறை. மெல்லிய தகரக் கூரை, மிதிகட்டைகளைச் சுற்றியுள்ள துளைகள், தேய்ந்துபோன கதவு இரப்பர்கள் ஆகிய இவற்றின் வழியாக வெப்பம் ஓயாமல் உள்ளே நுழையும். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது வீண் அல்லவா? எனவே, அனுபவமுள்ளவர்கள் முதலில் துளைகளை அடைத்து, தரையிலும் கூரையின் உட்புறத்திலும் வெப்பத்தடுப்பு விரிப்புகளை ஒட்டுகின்றனர். சிலர் இந்த வேலை முடிந்ததும், “இதுவே போதும்” என்று குளிரூட்டித் திட்டத்தைக் கைவிடுவதும் உண்டு.

காற்று மண்டலத்திற்கும் ஒரு கடமை

முன்பு வாகனக் குளிரூட்டிகளில் ஆர்-12 எனும் குளிர்பதனி பயன்பட்டது. அது கசிந்து மேலே சென்று ஓசோன் படலத்தைச் சிதைப்பதை அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அதன் விளைவாக, 1987ஆம் ஆண்டு மொண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும், புவி வெப்பமடைவதில் அதன் தாக்கம் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே, எந்தக் குளிர்பதனியானாலும் அதைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. அதை நிரப்பும் பணியைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பொருத்தலாமா, கூடாதா?

‘எப்படிப் பொருத்துவது?’ என்பது தொழில்நுட்பக் கேள்வி. ‘பொருத்தலாமா?’ என்பது வேறு வகைக் கேள்வி. பழைய வண்டி ஒரு வரலாற்றுச் சான்று. அக்காலத் தொழிலாளர்கள் எத்தகைய வெயிலில், எத்தகைய வண்டியில் உழைத்தனர் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. குளிர்காற்றுக் குழாய்களுக்காக அதன் முகப்புப் பலகையில் துளையிட்டால், அந்தச் சான்றின் ஒரு பகுதி அழிகிறது. அதேவேளை, ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டியை ஓட்டாமலே வைத்திருப்பதும் அதற்குச் செய்யும் நன்மையாகாது.

இந்தச் சிக்கலை உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ‘ஃபீவா’ எண்ணிப் பார்த்திருக்கிறது. 2012ஆம் ஆண்டில் அது ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் மாற்றங்களை முற்றாகத் தடுக்கவில்லை. தேவையான மாற்றம் கண்ணை உறுத்தாததாக இருக்க வேண்டும். வண்டியின் மூல அமைப்பையும் தோற்றத்தையும் குலைக்கக் கூடாது. இயன்றவரை, பிற்காலத்தில் நீக்கிவிடக் கூடியதாக இருக்க வேண்டும். கழற்றிய முக்கிய மூலப் பாகங்களை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது.

இவ்வழிகாட்டலை நம் சரக்குந்துக்குப் பொருத்திப் பார்ப்போம். முகப்புப் பலகையை வெட்டாமல், அதன் அடியில் தொங்கும் சிறிய குளிர்ச்சாதனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கம்ப்ரசரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, ஏற்கனவே உள்ள திருகாணித் துளைகளிலேயே முடுக்கலாம். கழற்றிய ஜெனரேட்டரையும் 6 வோல்ட் விளக்குகளையும் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வைக்கலாம். செய்த மாற்றங்களைப் படமெடுத்துக் குறிப்பேட்டில் எழுதலாம்.

அதே வேளையில், எல்லா வண்டிகளுக்கும் ஒரே முடிவு பொருந்தாது. பலமுறை வண்ணம் பூசப்பட்டு, இயந்திரமும் மாற்றப்பட்ட வண்டிக்குக் குளிரூட்டி பொருத்துவதால் பெரிய இழப்பில்லை. ஆனால், தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமும் இருக்கையும் கம்பிகளும் இன்னும் அப்படியே இருக்கும் வண்டி அரியது. அதில் கை வைக்காமல், சன்னலைத் திறந்துவிட்டு அதிகாலையில் ஓட்டுவதே அறிவுடைமை. மூல நிலையை இழந்த பிறகு, எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

இன்றைய உரிமையாளர் அவ்வண்டியின் கடைசி உரிமையாளர் அல்லர். அடுத்து வருபவர் குளிர்காற்றை விரும்பலாம், விரும்பாமலும் போகலாம். பெயர்ச்சீட்டு ஒட்டிய அந்தப் பெட்டி இருந்தால், முடிவெடுக்கும் உரிமை அவருக்கும் இருக்கும்.

சிந்தனைக்கு

1. குளிரூட்டியைப் பொருத்தும் முன் வெப்பத்தடுப்பு வேலையைச் செய்வது ஏன் சிறந்தது?
2. ‘ஒன்றைத் தொட்டால் நான்கு அசையும்’ எனும் தலைப்பு இப்பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
3. உங்கள் வட்டாரத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றிற்குப் புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். தூரின் சாசனத்தின் கருத்துகளை அதற்கு எவ்வாறு பயன்படுத்துவீர்கள்? கலந்துரையாடுக.