மரக்கட்டையில் மலர்ந்த பறவைகள்

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் டைன் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் பள்ளத்தாக்கிலுள்ள செரிபர்ன் என்னும் பண்ணை வீட்டில் 1753ஆம் ஆண்டில் தாமஸ் பியூயிக் பிறந்தார். குடியானவர் மகனாகிய அவருக்கு இளமையில் ஓவியம் கற்பித்தவர் ஒருவரும் இலர். பாடப் புத்தகத்தின் ஓரங்கள் நிரம்பியபின், மாதா கோயில் முன்றிலின் தரையிலும் கல்லறைக் கற்களிலும் சுண்ணக்கட்டியால் படம் எழுதினார். மாணவர்கள் இவ்வொன்றில் மட்டும் அவரைப் பின்பற்றாதிருப்பார்களாக! பதினான்காம் வயதில், நியூகாசில் நகரத்தில் ரால்ஃப் பெய்ல்பி என்னும் செதுக்கு வினைஞரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார்.

அக்காலத்தில் மலிவான புத்தகங்களுக்குப் படம் வெட்டியோர், பலகையாக அறுத்த மரத்தின் நீள்முகத்தில் கத்தியை ஓட்டினர். நார் குறுக்கிட்டமையால் நுண்ணிய கோடுகள் அமைதல் அரிதாயிற்று. பியூயிக்கோ, பாக்ஸ் என்னும் வைரம் பாய்ந்த மரத்தைக் குறுக்கே துண்டித்து, அவ்வெட்டு முகத்தை வழவழப்பாக்கி, உலோகம் செதுக்கும் கூரிய சிற்றுளியால் அதன்மேல் வரைந்தார். விறகு பிளந்து பழகியவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். நார்வழியே மரம் பிளவுபடும். குறுக்கு முகமோ எத்திசையிலும் ஒரே தன்மையாய் உளிக்கு இடங்கொடுக்கும். இம்முறையை அவரே கண்டுபிடித்தார் என்பார் சிலர், அது பிழை. முன்னரும் அது வழக்கிலிருந்தது. அதனைக் கலையாக உயர்த்திய பெருமையே அவருக்குரியது.

நம் ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி படிந்து, எழுத்துக் கருமையாய்த் தோன்றும். அச்சுக்கட்டையில் நிகழ்வது இதற்கு நேர்மாறாகும். மை மேற்பரப்பில் மட்டுமே பற்றுதலின், உளி சென்ற வழி தாளில் வெண்கோடாக நிற்கும். இறகின் ஒவ்வொரு மென்கோட்டையும் அவர் இவ்வாறே வெட்டினார். தொலைவிலுள்ள குன்றும் மரமும் மங்கலாகத் தோன்ற வேண்டுமாயின், கட்டையின் அப்பகுதியைச் சிறிதே தாழச் சீவிவிடுவார். அங்கே அழுத்தம் குறைந்து மை மெலிதாகப் படியும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரமேயாதலின், படமும் பாடமும் ஒருசேர அச்சேறின.

1790ஆம் ஆண்டில் நாற்கால் விலங்குகளின் வரலாறு என்னும் நூல் அவர் படங்களுடன் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. எனினும் அந்நூலைப் புரட்டுவோர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். தம் ஊர் நாயையும் ஆட்டையும் குதிரையையும் அவர் உயிர்ததும்ப வரைந்தார். நீர்யானை போன்ற, கண்ணாற் காணாத விலங்குகளுக்குப் பிறர் எழுதிய படங்களையே நம்ப வேண்டியிருந்தது. அப்படங்களில் அவ்வுயிர்ப்பு இல்லை.

அடுத்துப் பிரித்தானியப் பறவைகளை வரையப் புகுந்தார். 1791ஆம் ஆண்டில் வைக்ளிஃப் என்னும் ஊருக்குச் சென்று, அங்கே செல்வர் ஒருவர் திரட்டி வைத்திருந்த பறவை உடல்களைப் பார்த்து, ஏறத்தாழ இரண்டு திங்கள் வரைந்தார். பஞ்சடைத்துப் பதப்படுத்திய அப்பறவைகளின் நிலையும் இறகடுக்கும் இயற்கைக்கு மாறாக இருந்தன. திங்கள் இரண்டின் உழைப்பு எளிதன்று. ஆயினும் அவற்றைக்கொண்டு மனம் நிறைவடையாமல், உயிருள்ள பறவையோ அன்று வேட்டையாடிய பறவையோ கைக்கு வரும்வரை காத்திருக்கத் துணிந்தார். நண்பர்கள் பல திசைகளிலிருந்தும் பறவைகளை அனுப்பி உதவினர். இக்காரணத்தால் பணி நீண்டது. நிலப்பறவைகளைப் பற்றிய முதற்பகுதி 1797ஆம் ஆண்டிலும், நீர்ப்பறவைகளைப் பற்றிய இரண்டாம் பகுதி 1804ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

பறவைகளினும் எனக்கு இனியவை, பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தை நிரப்ப அவர் செதுக்கிய சிறு படங்களேயாம். மழையில் நனையும் வழிப்போக்கர், பனி மூடிய வயல், ஆற்றங்கரைத் தூண்டிற்காரர் எனத் தம் நாட்டுப்புறம் முழுவதையும் சிலவிரல் அகலத்துள் அடக்கினார். அவற்றுள் ஒன்றில், பாலத்தின் சுங்கக் காசைக் கொடுக்க மனமில்லாத குடியானவன் ஒருவன், தன் பசுவோடு ஆற்றில் இறங்கிக் கடக்கின்றான். காசு தப்பியது, அவன் தொப்பியோ காற்றில் பறந்து ஆற்றில் விழுந்துவிட்டது.