கணினிக்குள் ஒரு திணை

முன்னுரை

பாட்டில் வரும் வாழ்வை ஆராய முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்துத் தந்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றுவன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். கல்லும் மண்ணும் இல்லாத ஓர் உலகிற்கு இந்த அளவுகோல் பொருந்துமா? இணையத்தில் இயங்கும் மெய்நிகர் உலகமாகிய ‘செகண்ட் லைஃப்’ பற்றிப் படித்தபோது என் உள்ளத்தில் எழுந்த வினா இது. “விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையா?” என்று தோழர் சிலர் நகைத்தனர். மக்கள் கூடி வீடு கட்டி, விழா எடுத்து, உரிமைக்காகப் போராடிய ஓர் இடத்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. நான் அவ்வுலகில் குடியேறியவன் அல்லன். அதனை ஆராய்ந்தோர் எழுதியவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

முதற்பொருள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிலிப் ரோஸ்டேல் என்பவர் 1999-ஆம் ஆண்டு ‘லிண்டன் லேப்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 2003 சூன் 23-ஆம் நாள் செகண்ட் லைஃபைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதில் நுழைவோர் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொள்கின்றனர். அவ்வுருவத்திற்கு ‘அவதார்’ என்று பெயர். லூகாஸ்பிலிம் நிறுவனத்தார் 1986-இல் சோதனைக்கு விட்ட ‘ஹாபிடட்’ என்னும் உலகிலும் இப்பெயரே வழங்கிற்று. இறைவன் மண்ணுக்கு இறங்கி வருவதைக் குறித்த நம் நாட்டுச் சொல், மனிதன் கணினிக்குள் இறங்குவதைக் குறிக்கலாயிற்று.

அவ்வுலகில் நிலம் உண்டு. ஒரு வட்டாரம் என்பது 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம். பொழுதும் உண்டு. அங்கு வழக்கமான ஒரு நாள் நமது 4 மணி நேரமே. அதில் 3 மணி பகல், 1 மணி இரவு. வெல்ல வேண்டிய பகைவன் இல்லை. எடுக்க வேண்டிய மதிப்பெண்ணும் இல்லை. நிறுவனம் தந்தது பெரும்பாலும் வெறும் நிலமே. எஞ்சியதைக் குடிமக்கள் ஆக்கிக்கொண்டனர்.

கருப்பொருள்

எப்படி ஆக்கினர்? பெட்டி, உருளை, கோளம் போன்ற எளிய வடிவங்கள் அங்குக் கிடைக்கும். அவற்றைப் ‘பிரிம்’ என்பர். அவற்றை நீட்டியும் முறுக்கியும் குடைந்தும் இணைத்தும் நாற்காலி முதல் மாளிகை வரை செய்யலாம். சிறு நிரல்களை எழுதிச் சேர்த்தால் கதவு திறக்கும், பறவை பறக்கும். இவ்வேலை பலர் கண்முன்னே நடப்பது என்பதை நாம் கருத வேண்டும். கட்டிப் பழகுவதற்கென்றே பொதுத் திடல்கள் உள்ளன. அவ்வழியே செல்பவர் நின்று பார்க்கலாம், ஐயம் கேட்கலாம். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்கின்றார். படைப்பும் நட்பும் ஒரே திடலில் வளர்கின்றன.

ஆயினும் ஆர்வம் மட்டும் போதாது, உரிமையும் வேண்டும். தொடக்கத்தில், செய்த பொருள்களுக்கு நிறுவனம் வரி விதித்தது. மிகுதியாகக் கட்டியவர்களே மிகுதியாக வருந்தினர். அமெரிக்க நினைவுச் சின்னங்களைக் கூட்டாகக் கட்டிவந்த குழுவினர் 2003-இல் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினர். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் எறிந்த நிகழ்ச்சியை நினைவூட்டும் போராட்டம் அது. அவ்வாண்டு இறுதிக்குள் அந்த வரி நீங்கி, நிலத்திற்குக் கட்டணம் என்னும் முறை வந்தது. படைத்தவருக்கே படைப்பின் அறிவுசார் உரிமை உண்டு என்றும் அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் அறிவித்தது. செய்த பொருளை ‘லிண்டன் டாலர்’ என்னும் அவ்வுலக நாணயத்திற்கு விற்று, அதனை மெய்யான டாலராக மாற்றவும் முடிந்தது. பின்னர் 2006-இல் பிறர் பொருளை அப்படியே படியெடுக்கும் கருவி ஒன்று பரவியபோது, கடைக்காரர் பலர் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பண்டம் நிழலாக இருக்கலாம். அதனைச் செய்த உழைப்பு நிழலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உரிப்பொருள்

கலிபோர்னியாவைச் சேர்ந்த மானிடவியலறிஞர் டாம் போயல்ஸ்டார்ஃப் 2004 முதல் 2007 வரை ஓர் அவதாராக அங்கு வாழ்ந்து, 2008-இல் நூல் ஒன்று வெளியிட்டார். அதில் ஓர் இயலுக்கு ‘இடமும் காலமும்’ என்றே பெயர். நம் முதற்பொருளை எண்ணியபோது எனக்கு வியப்பு மேலிட்டது. நெருக்கம், சமூகம் என்பனவும் தனி இயல்களாக அமைந்துள்ளன. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்திற்கு நிதி திரட்ட 2005-இல் அங்கு ஒரு தொடர்நடை நடத்தினர். அது பிறகு ஆண்டு விழாவாக வளர்ந்தது. நடந்தவை அவதார்கள், சேர்ந்த பணமோ மெய்ப்பணம்.

இதனினும் என்னை ஈர்த்தது ‘ஊரு’ என்னும் மற்றோர் இணைய உலகின் வரலாறு. 2004 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. அதில் கூடியிருந்தோர் சிதறிப் போகவில்லை. தம்மை ஏதிலிகள் என்று சொல்லிக்கொண்டு, ‘தேர்’, செகண்ட் லைஃப் ஆகிய உலகங்களுக்குக் கூட்டமாகக் குடிபெயர்ந்தனர். இழந்த ஊரின் நீரூற்றையும் கட்டடங்களையும் நினைவிலிருந்து அங்கே மீண்டும் கட்டினர். செலியா பியர்ஸ் என்னும் ஆய்வாளர் இவர்களோடு பழகி எழுதிய நூல் 2009-இல் வெளிவந்தது.

முடிவுரை

செகண்ட் லைஃபில் கருப்பொருள் குடிமக்களுடையது. முதற்பொருளோ நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது. நிறுவனம் கதவை மூடினால் நிலமும் பொழுதும் ஒருசேர மறையும். ‘தி சிம்ஸ் ஆன்லைன்’ என்ற பெயரில் 2002-இல் தொடங்கிய உலகம் 2008 ஆகஸ்டில் அவ்வாறே மறைந்தது. எனவே, படைப்புரிமையோடு படைத்ததை எடுத்துச் செல்லும் உரிமையும் குடிமக்களுக்கு வேண்டும் என்பேன். 2007-இல் தொடங்கிய ‘ஓப்பன் சிமுலேட்டர்’ என்னும் கட்டற்ற மென்பொருள், எவரும் தம் கணினியிலேயே இத்தகைய நிலத்தை அமைத்துக்கொள்ள வழிசெய்திருப்பது நல்ல தொடக்கம்.

முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்பது நம் இலக்கண மரபு. ஊருவின் மக்கள் அதனை மெய்ப்பித்தனர். நிலம் போயிற்று, பொருள்கள் போயின, ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு மட்டும் அவர்களோடு சென்றது. அதிலிருந்தே ஓர் ஊர் மீண்டும் எழுந்தது.