துப்பாக்கி ஏந்திய பிள்ளை குற்றவாளியா?

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. 1991 முதல் 2002 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கடத்தப்பட்டனர். போதைப் பொருள் கொடுத்துக் கொலைக்கும் ஏவப்பட்டனர். போர் ஓய்ந்ததும் ஊரார்முன் எழுந்த கேள்வி: இப்பிள்ளைகளை வீட்டில் சேர்க்கலாமா?

ஷரீஅத்தின் விடை தெளிவானது. பருவமடையும் வரை பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. பருவமடைந்தோருக்கோ தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அந்நாட்டுக்கென அமைந்த சிறப்பு நீதிமன்றமும் பிள்ளைகள்மீது வழக்குத் தொடரவில்லை. 15 வயது நிரம்பாதோரைப் படையில் சேர்த்த தலைவர்களையே 2007ஆம் ஆண்டு தண்டித்தது.

ஆயுதக் களைவுத் திட்டத்தில் ஏறத்தாழ 7,000 பிள்ளைகள் பதிவாயினர். உற்றாரைத் தேடிப் பிடித்து, பெரும்பாலோரைக் குடும்பத்துடன் சேர்த்தனர். ஆனால் அவர்களில் பெண் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லாததால் பலர் விடுபட்டுப் போயினர். கைக்குழந்தையுடன் ஊர் திரும்பிய பலருக்குப் பழிச்சொல்லே காத்திருந்தது.

சகோதர, சகோதரிகளே! கடத்தப்பட்டவள் செய்த குற்றம் என்ன? அவள் மடியிலுள்ள சிசு செய்த குற்றம் என்ன? ஒருவரின் பாவச்சுமை இன்னொருவர்மீது ஏறாது என்பது குர்ஆன் கற்பிக்கும் நீதி. பள்ளிக்கூடமும் மருந்தும் அரசு தரலாம். ‘உள்ளே வா, மகளே’ என்ற சொல்லை வீட்டார்தான் தர வேண்டும்.

அநீதிக்கு ஆளான பிள்ளை நம் வாசலுக்கு வந்தால், விசாரணைக்குமுன் சோறு போடும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.