தோள்மூட்டு நழுவுதல்

சடுகுடு ஆட்டம் நடைபெறுகின்றது. பாடிச் சென்ற ஒருவனை எதிர் அணியினர் பிடித்துக் கொள்கின்றனர். எவ்வாறேனும் நடுக்கோட்டைத் தொட்டுவிட எண்ணி அவன் கையை நீட்டுகின்றான். நீட்டிய கையின்மீது மற்றொருவன் விழுகின்றான். மறுகணம், "ஐயோ!" என்னும் அலறல் எழுகின்றது. ஓடிவந்த தோழர்கள், "தோள் இறங்கிவிட்டது, இழுத்தால் சரியாகிவிடும்" என்று அவன் கையைப் பற்றுகின்றனர். அவர்கள் செய்ய முற்படுவது நன்மையா, தீமையா? இதனை அறியத் தோள்மூட்டின் அமைப்பை முதலில் உணர்தல் வேண்டும்.

மேற்கை எலும்பின் தலை பந்துபோல் உருண்டையானது. அது தோள்பட்டை எலும்பிலுள்ள குழியில் பொருந்தி இயங்குகின்றது. இடுப்பு மூட்டும் இத்தகையதே. ஆயினும், இடுப்புக்குழி ஆழமான கிண்ணம் போன்றது. தோட்குழியோ ஆழமற்ற தட்டுப் போன்றது. பந்தின் சிறு பகுதியே அதனைத் தொட்டு நிற்கும். இதனாலன்றோ நாம் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகின்றது! ஆனால், இயக்கம் மிகுந்த அம்மூட்டில் உறுதி குறைவு. பந்து விலகாவண்ணம் காப்பவை, அதனைச் சூழ்ந்த தசைகளும் நார்களும் மூட்டுறையுமே ஆகும்.

கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும்போது பின்னோக்கித் தள்ளப்படின், எலும்பின் தலை குழியை விட்டு முன்புறமாக நழுவும். கீழே விழுபவர் கையை நீட்டி ஊன்றும்போதும் இவ்வாறு நேரலாம். நழுவும் தோள்களுள் 100க்கு ஏறத்தாழ 95 முன்புறமாகவே நழுவுகின்றன. மின்சாரம் தாக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தசைகள் கடுமையாகச் சுருங்குவதால், பின்புறமாக நழுவுதலும் உண்டு.

மூட்டின் அருகே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. எலும்பும் முறிந்திருக்கலாம். முறை அறியாதார் இழுப்பின் இவை மேலும் கெடும்; கை உணர்வற்றுப் போதலும் கூடும். ஆகவே, கையை அது உள்ள நிலையிலேயே தாங்கி, துணியால் தூளிபோற் கட்டி, மருத்துவமனைக்கு விரைந்து அழைத்துச் செல்லல் வேண்டும். மருத்துவர் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, உரிய முறையில் மூட்டைப் பொருத்துவார்.

ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் நழுவுதல் இளைஞரிடம் மிகுதி. ஆதலின், வலி நின்றவுடன் ஆட்டக்களம் புகுதல் தவறு. மருத்துவர் கூறும் நாள்வரை ஓய்வு கொண்டு, பின்னர்த் தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சிகளைச் செய்தல் வேண்டும்.

துன்புற்ற தோழனுக்கு உதவுதல் நம் கடமையே. ஆனால், அன்புக்கு அறிவும் துணை நிற்றல் வேண்டும். தோள் நழுவியவன் கையை இழுக்காமல் தாங்குவதே அவனுக்கு நாம் செய்யும் உதவியாகும்.