குறைந்த ஓட்டமும் விரைந்த மரதனும்

மரதன் ஓட்டத்தின் நீளம் 26 மைலும் 385 யாருமாகும். இத்துணைத் தூரம் விரைந்தோட விரும்புவோன் நாடோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகல் வேண்டும் என்பது பலர் துணிபு. அதற்குச் சான்றும் உண்டு. நியூசிலாந்துப் பயிற்றாசிரியர் ஆதர் லிடியாட் தம் மாணாக்கரை வாரந்தோறும் 100 மைல் ஓடுவித்தார். 1960இல் உரோமாபுரியில் நிகழ்ந்த ஒலிம்பிக்கில் அவருள் இருவர் பொற்பதக்கமும், மரதனில் ஒருவர் வெண்கலமும் பெற்றனர். ஆயின், விடியலிற் பால்வெட்டுக்குச் சென்று மலைச்சரிவெங்கும் நடந்து களைக்கும் தோட்டத்து இளைஞனிடம் 100 மைல் என்று கூறுதல், ஓடாதே என்று கூறுதலோடொக்கும்.

நிவித்திகலப் பகுதியில் இறப்பர்த் தோட்டமொன்றிலுள்ள எம் பழைய மாணவர் ஒருவர், மாலைதோறும் பத்து மைல் ஓடிவந்தார். கணைக்காலில் நோவு கண்டது, ஓட்டநேரமோ குறையவில்லை. இன்னும் ஓடுக என்று முன்னர் அவர்க்குக் கூறியவர் யாமே. ஓட்டத்தைக் கைவிடப்போவதாக அவர் வந்து சொன்ன அன்றுதான் இதனை ஆராயத் தலைப்பட்டோம்.

ஒரு மைலை 4 நிமிடத்துள் முதன்முதல் ஓடிய ரொஜர் பனிஸ்டர் அக்காலை மருத்துவ மாணவர். நண்பகலில் ஏறத்தாழ அரைமணி நேரமே அவர்க்கு வாய்த்தது. கால்மைலைப் பத்துமுறை விரைந்தோடுவார், இடையிடையே இளைப்பாறுவார். 1954 ஏப்பிரலில் அக்கால்மைலின் நேரம் 61 செக்கனுக்குக் கீழ் இறங்க மறுத்தது. அவர் ஓட்டத்தைக் கூட்டினாரல்லர். சில நாள் அதனை விடுத்து ஸ்கொத்லாந்து மலைகளில் ஏறித் திரும்பினார். திரும்பியபின் 59 செக்கனில் ஓடினார். மே 6ஆம் நாள் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார்.

மைல் வேறு, மரதன் வேறு என்பார் உளர். அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஃபேர்மன் பல்கலைக்கழகத்துப் பில் பியர்சும் அவர்தம் துணைவரும் மரதனுக்கென்றே ஒரு முறை வகுத்து, 2007இல் நூலாக வெளியிட்டனர். அம்முறையில் வாரத்துக்கு மூன்றே ஓட்டங்கள். ஒன்று, இடைவிட்டு ஓடும் விரைவோட்டம். இருதயத்தின் ஆற்றலைப் பெருக்குவது. மற்றொன்று, இரண்டு மூன்று சொல் மட்டும் பேச இயலும் வேகத்தில் இடையறாது ஓடுவது. மூன்றாவது, 13 முதல் 20 மைல் வரை செல்லும் நெடுவோட்டம். இவற்றோடு இருநாள் மிதிவண்டியோ நீச்சலோ பயிலல் வேண்டும். நோக்கமின்றி ஓடும் மைல்களே இங்குக் கழிக்கப்படுகின்றன.

நெடுவோட்டத்தை மட்டும் கழித்தல் கூடாது. தசையிற் சேர்ந்துள்ள மாச்சத்து மரதன் முடியுமுன்னரே பெரிதும் குன்றிவிடும். இருபது மைலளவிற் கால்கள் கல்லாய்க் கனப்பதை ஓடினோர் அறிவர். கொழுப்பையும் எரித்து மாச்சத்தைச் சிக்கனப்படுத்த உடலைப் பழக்குவது நெடுவோட்டமே. சோம்பல் கருதி இம்முறையை நாடுவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

நிவித்திகலத் தோட்டங்களிற் சமநிலம் அரிது. ஆதலின் விரைவோட்டத்துக்குத் தூரத்தை விடுத்து நேரத்தை அளவாக்கினோம்: ஏற்றத்தில் மூன்று நிமிடம் விரைந்தோடி, நடந்து இறங்குக, இவ்வாறு ஆறுமுறை செய்க. இறக்கத்தில் விரைதல் கணைக்காலுக்குத் தீது. மிதிவண்டிக்கு அவர் எங்கே போவார்? காலைதோறும் மலைச்சரிவில் அவர் நடக்கும் நடையையே அதற்கு ஈடாகக் கொண்டோம். இஃது எம் துணிபேயன்றி நூலிற் கண்டதன்று.

நோவு தீரும்வரை ஓய்ந்திருந்து, பின் பதினாறு வாரம் பயின்று, கொழும்பில் மரதன் ஓடினார். முந்திய ஓட்டத்தினும் கால்மணி நேரம் குறைந்தது. உலக வீரர்தம் நேரத்தை இம்முறையால் எட்டலாம் என்று யாம் கூறோம். அவர்களுட் பலர் இன்றும் வாரத்துக்கு 100 மைலுக்கு மேல் ஓடுவோரே. அவர்க்கு ஓட்டமே தொழில். எம் மாணவர்க்குத் தொழில் வேறு.

காலைமழையாற் பால்வெட்டு நின்றுபோகும் நாள்கள் இப்பகுதியிற் பல. அந்நாளிற் கூலி இல்லை. உடலுக்கு ஓய்வு உண்டு. ஏற்றத்தில் ஓடும் பயிற்சியை அந்நாள் மாலைக்கே அவர் வைத்துக்கொள்கின்றார்.