மலைமுகட்டில் ஓர் இருப்புப்பாதை

நுழையும் முன்

உழைத்தவர்கள் விட்டுச்சென்ற சுவடுகளைத் தேடி ஒரு மலைப்பயணம் செல்வோம்.

பாடம்

இடுக்கி மாவட்டத்து மூணாறிலிருந்து கிழக்கே செல்லும் மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜீப்பில் செல்வோர் மாட்டுப்பட்டி அணையையும் குண்டளை அணையையும் கடந்து, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் தமிழ்நாட்டு எல்லையை அடைகின்றனர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தின் பெயர் 'டாப் ஸ்டேஷன்'. மேல்நிலையம் என்பது அதன் பொருள். இன்று அங்கே தொடர்வண்டி இல்லை, தண்டவாளமும் இல்லை. இப்பெயர் எவ்வாறு வந்தது?

மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுசெல்ல 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருண்டன. வண்டி சாயாதபடி பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருண்டது. வண்டியை இழுத்தவை எருதுகள்! 1908இல் அதற்கு மாற்றாக இரண்டடி அகல இருப்புப்பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுசென்றன. பின்னர் அவை தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன.

1924 ஜூலையில் பெருமழை பொழிந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரள மக்கள் அதனைத் '99ஆம் ஆண்டு வெள்ளம்' என்பர். அவ்வெள்ளம் இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. கம்பிவட நிலையத்தின் சிதைவுகள் சில மட்டும் டாப் ஸ்டேஷனில் எஞ்சியுள்ளன.

தேயிலை கீழே இறங்கிய அம்மலையில் மக்கள் மேலே ஏறினர். தமிழகச் சமவெளியின் ஊர்களிலிருந்து தொழிலாளர் பலர் போடிநாயக்கனூர் வழியே நடந்து வந்தனர். காடு திருத்தினர், செடி நட்டனர், கொழுந்து கிள்ளினர், சுமை சுமந்தனர். சிதைந்த கற்களில் அவர்தம் பெயர்கள் இல்லை. அவை வீட்டுப் பெரியவர்களின் நினைவில் உள்ளன. கேட்போர் இல்லையெனில் அவையும் மறைந்துவிடும்.

சொற்பொருள்

இருப்புப்பாதை – தண்டவாள வழி
எருது – காளைமாடு
கம்பிவடம் – தடித்த கம்பிக்கயிறு
கொழுந்து – இளந்தளிர்
சிதைவு – இடிந்து எஞ்சிய பகுதி

வினாக்கள்

1. ஒற்றைத் தண்டவாள வண்டி சாயாமல் சென்றது எவ்வாறு?
2. தேயிலைப் பெட்டி மூணாற்றிலிருந்து இங்கிலாந்து வரை சென்ற வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
3. உங்கள் குடும்பத்தில் முதலில் ஊர்விட்டு வந்தவர் யார்? எவ்வழியே, எத்தொழிலுக்காக வந்தார்? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.