காரைத் தாழ்த்தும் வில்

புதுச்சேரி சாரத்தில் வேகத்தடை ஒன்றைத் தாண்டும் காரைக் கவனியுங்கள். சக்கரம் துள்ளுகிறது, உள்ளே இருப்பவரோ மெல்லத்தான் அசைகிறார். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது சுருள்வில்.

கார் தாழ்ந்து நின்றால் அழகென்று சிலர் இவ்வில்லில் இரண்டு சுற்றுகளை வெட்டிவிடுகிறார்கள். உயரம் மட்டுமா குறைகிறது? பழைய பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி அழுத்திப் பாருங்கள். அதே தூரம் அமுக்க இருமடங்கு விசை வேண்டும்! எட்டுச் சுற்றில் இரண்டு போனால் விறைப்பு 8/6, அதாவது சுமார் 1.33 மடங்கு.

தாழ்ந்த காரின் ஈர்ப்பு மையம் கீழிறங்கும். திருப்பத்தில் சாய்வு குறையும். உண்மைதான். ஆனால் வில் அமுங்குவதற்கான இடமும் குறைகிறதே! பள்ளத்தில் இறங்கினால் ரப்பர் தடுப்பில் 'டம்' என்று மோதும். சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் நொடியில் பிரேக் பிடிக்காது. ஸ்டியரிங்குக்கும் கார் கட்டுப்படாது. வெட்டிய வில் தன் இடத்தை விட்டு நழுவவும் கூடும்.

தினமும் ஓட்டும் காருக்கு, அதற்கென்றே செய்த, 2 அல்லது 3 செ.மீ. மட்டும் தாழ்த்தும் வில் போதும். மழைநீர் தேங்கும் தெருக்களில் அதுகூட எதற்கு என்பேன். வாங்குமுன் ஐந்து பேரை ஏற்றி, காரின் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதில் 3-ஐக் கழித்துப் பாருங்கள். உங்கள் தெரு வேகத்தடையின் உயரம் என்ன?